மெரிட்டின் ஆயிரமாவது ஆள்

மெரிட்,
11 ஜனவரி 1960

அன்புள்ள செல்மா,

இங்கே நான் நலம். பனி முழங்கால் வரை கிடக்கிறது, குழாய்கள் இன்னும் உறையவில்லை. நீ ஊறப்போட்டு வைத்துவிட்டுப்போன புட்டிகளில் பீட்ரூட் தீர்ந்துவிட்டது, வெள்ளரிக்காய் இருக்கிறது.

உன் தங்கை இங்கரின் இடுப்பெலும்பு கூடிவிட்டதா? இரண்டு வாரம் என்று சொல்லி அக்டோபரில் போனாய். டாக்டரிடம் விசாரித்தேன். சாதாரணமாகப் பத்து வாரத்தில் கூடிவிடுமாம். லிண்டாலில் எலும்புகளுக்கு அவசரம் இல்லை போலிருக்கிறது.

இனி அலுவல். ஹாஸ்கின் கவுண்டியின் நூற்றாண்டு வரலாறு மே மாதம் அச்சுக்குப் போகிறது. புவியியல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். ‘பூமி உருண்டை, ஹாஸ்கின் கவுண்டியோ சதுரம். அதனால்தான் மெரிட்டிலிருந்து லிண்டால் போகும் பதினான்கு மைல் நேர்ச்சாலை, பூமியின் வளைவைச் சரிக்கட்ட நில அளவைக்காரர் போட்ட திருத்தக் கோட்டில் மட்டும் நூறு கஜம் கிழக்கே நகர்ந்து, மறுபடி வடக்கே போகிறது’ என்று ஆரம்பம். நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொல்லக்கூடாது.

நீ அனுப்பிய லிண்டால் அத்தியாயம் கிடைத்தது. 1884 டிசம்பரில் கவுண்டி அலுவலகம் லிண்டாலிலிருந்து ‘திருடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறாய். ‘இடம் மாற்றப்பட்டது’ என்று திருத்தியிருக்கிறேன். நாற்பது மெரிட்காரர்களும் பதினோரு சறுக்குவண்டிகளும் நான்கு துப்பாக்கிகளும் போனது உண்மைதான். சாமான் தூக்க ஆள் வேண்டாமா?

தானியக் கிடங்கு மேலாளர் தோர்வால்ட் ஹாகனின் பெயர் உன் அத்தியாயத்தில் ஒன்பது இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் ‘நல்ல ஞாபகமும் அதைவிட நல்ல குரலும் உள்ளவர்’ என்கிறாய். குரல் எந்த வகையில் வரலாற்று ஆதாரம் என்பது விளங்கவில்லை. எட்டை எடுத்துவிட்டேன்.

என் தாத்தா பற்றிய பத்தியைச் சென்ற அக்டோபரிலேயே அடித்துவிட்டேன். நீ மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறாய். மறுபடி அடித்துவிட்டேன்.

மேயர் கெல்லர் தாமே வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டார். மெரிட்டில் சரியாக ஆயிரம் பேர். ஆயிரம் ஆனால் மாநில வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தடித்த எழுத்தில் போடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஊர் எல்லைப் பலகையில் எழுதியும் ஆயிற்று. ஆயிரத்தில் நீயும் ஒருத்தி என்பதை நினைவூட்டுகிறேன்.

உன் கணவன்,
ஆர்னால்ட் க்ரெப்ஸ்
கவுண்டி பதிவாளர்


லிண்டால்,
19 ஜனவரி 1960

அன்புள்ள ஆர்னால்ட்,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஒரு தட்டச்சுப் பிழைகூட இல்லாததைக் கண்டு வியப்பு. இருபத்தாறு வருஷமாக இரண்டு விரலால் தட்டுகிற மனுஷன் நீ; என் பெயரையே ‘செம்லா’ என்று அடிப்பாய். ஆகவே இதை அலுவலகத்தில் பெர்னீஸ் அடித்திருக்கிறாள். பீட்ரூட் முதல் தோர்வால்ட் வரை எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லச்சொல்ல அவள் அடித்திருக்கிறாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, சுத்தமான நகம். என் வாழ்த்தைச் சொல். கார்பன் பிரதி எடுத்திருந்தால் கோப்பில் எந்த எழுத்தின் கீழ் வைத்தாள் என்றும் கேள்.

இங்கர் தேவலை. கைத்தடி பிடித்து மாதாகோவில் வரை போகிறாள்.

வேறு சேதி: ஏப்ரலில் வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு லிண்டாலில் ஆள் போட்டாயிற்று. தோர்வால்ட்தான். தோல் பை, முத்திரைச் சின்னம், எல்லாம் வந்துவிட்டது. நேற்று காப்பிக்கு வந்தவர் பையை மேசைமேல் வைத்துப் பழகிப் பார்த்தார். “இந்த வீட்ல வழக்கமா படுத்துத் தூங்கறவங்க யார் யாருன்னு கேக்கணும் செல்மா. எனக்கே கூச்சமா இருக்கு. ஆனா அரசாங்கம் கேக்கச் சொல்லுது” என்றார். இங்கர் சிரித்துச் சிரித்து அவள் எலும்பு மறுபடி விலகிவிடுமோ என்று பயந்தேன்.

உன் தாத்தா பத்தியை மூன்றாம் முறை இணைத்திருக்கிறேன். மெரிட்காரர்கள் பேரேடு, இரும்புப்பெட்டி, நாற்காலி, எச்சில் படிக்கம் வரை அள்ளிக்கொண்டு போனார்கள். கவுண்டியின் கனத்த இரும்பு முத்திரையை மட்டும் விட்டுவிட்டார்கள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். சாமான் தூக்க வசதியாகக் கதவைத் திறந்து வைத்திருந்த பொருளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. புது முத்திரை வரும்வரை ஏழு மாதம், பத்திரம் செல்ல வேண்டுமானால் மெரிட்காரர்கள் லிண்டாலுக்கு வந்து தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டியிருந்தது. எல்லாரும் வந்தார்கள். அந்த மாதங்களில்தான் கல்யாணம் செய்துகொண்ட உன் தாத்தா ஆகஸ்ட் க்ரெப்ஸ் மட்டும் வரவில்லை. அவர் கல்யாணச் சான்றிதழில் இன்றுவரை முத்திரை இல்லை. இது வரலாறு, ஆர்னால்ட். இந்தக் கவுண்டியில் நடந்த ஒரே சுவாரசியமான விஷயமும் இதுதான்.

செல்மா


மெரிட்,
8 பிப்ரவரி 1960

அன்புள்ள செம்லா,

இதை நானே தட்டுகிறேன். பெர்னீஸுக்கு நிறைய வேலை. அவள் தட்டினாள் என்பதும் அலுவலக நேரம் கருதித்தான். நகத்தை நான் கவனித்ததில்லை.

சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். முகத்தில் நுரை பூசி என்னை வாய் திறக்க முடியாமல் செய்தபிறகுதான் எர்வின் பேச்சை ஆரம்பித்தான். “ஆர்னால்டு, லிண்டால்ல உன் வீட்டுக்காரி இருக்கற வீட்டு வாசல்ல ஒரு பொட்டுப் பனி இல்லையாமே. கிடங்குக்காரர் காலைல அவர் வாசலுக்கு முந்தி அங்கதான் தள்றாராம்” என்றான். கடையில் காத்திருந்த ஆறு பேரும் பத்திரிகையைப் புரட்டுவதை நிறுத்தினார்கள். “தங்கச்சிக்கு இடுப்பு சரியில்ல, உதவி பண்றாரு” என்று நுரை வழியாகச் சொன்னேன். “இடுப்பு நல்லாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்” என்றான் எர்வின். அவன் கையில் சவரக்கத்தி இருந்ததால் விவாதத்தை வளர்க்கவில்லை.

தோர்வால்ட் ஹாகன் மனைவியை இழந்தவர் என்பதில் எனக்கு மெய்யான வருத்தம். பதினொரு வருஷமாகிறது. பனி தள்ள ஆசையானால் லிண்டாலில் முந்நூற்றுப் பதினோரு பேர் இருக்கிறார்கள், அத்தனை வாசலும் திறந்திருக்கிறது. நான் பொறாமைப்படவில்லை. நம் வாசலில் பனி இரண்டடி நிற்கிறது; அஞ்சல்காரன் முனையிலிருந்தே கடிதத்தை வீசுகிறான். தகவலுக்காக எழுதுகிறேன்.

எப்போது வருகிறாய்? அவருடைய குரல் இப்போது எப்படி?

ஆர்னால்ட்


லிண்டால்,
14 மார்ச் 1960

அன்புள்ள ஆர்னால்ட்,

ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபம் இல்லை, கோபமாக இருந்தால் உடனே எழுதியிருப்பேன்.

குரல் நன்றாக இருக்கிறது. ஈஸ்டருக்குப் பாடகர் குழுவில் தனிப்பாட்டு அவருக்குத்தான். பனி தள்ளுகிறார், காப்பி குடிக்கிறார், போகிறார். நான் சொல்வதைக் கேட்கிறார். இந்தக் கடைசி விஷயத்துக்காக ஒருவர்மேல் பொறாமைப்பட்டால் நியாயம் உண்டு.

பெர்னீஸ் உனக்குப் பாத்திரத்தில் கோழியும் நூடுல்ஸும் வேகவைத்துக் கொண்டுவந்ததாக இங்கே சேதி. மேலே ரொட்டித்தூள் தூவி என்பது வரை. நான் மூன்று நாள் தூங்கவில்லை. ஐம்பது வயதில் ரொட்டித்தூளுக்காகத் தூக்கம் கெடுவது கேவலம்தான். எழுதிவிட்டேன், தீர்ந்தது.

நான் ஏன் போனேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றே கேட்கிறாய். நானே சொல்கிறேன். ஏழு வருஷம் இந்தக் கவுண்டியின் சமையலறைகளில் உட்கார்ந்து, கேட்டு, எழுதி வந்தது நான். பதிவாளரிடம் யாரும் பேசமாட்டார்கள். பதிவாளரின் மனைவியிடம் பேசுவார்கள். அக்டோபரில் முகப்புப் பக்கத்தைக் காட்டினாய். ‘ஆர்னால்ட் க்ரெப்ஸ் எழுதியது.’ அடியில் பொடி எழுத்தில், ‘தட்டச்சு செய்து உதவிய மனைவிக்கு நன்றி.’ இங்கருக்கு இடுப்பு முறிந்தது எனக்கு ஒரு சௌகரியம். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் அப்படியே அச்சாகுமானால் என் பெட்டியைத் திரும்ப மெரிட்டுக்குத் தூக்குவதாக இல்லை.

செல்மா


மெரிட்,
4 ஏப்ரல் 1960

அன்புள்ள செல்மா,

உன் கடிதத்தில் யோசிக்கவேண்டியவை இருக்கின்றன. யோசித்துக்கொண்டிருக்கிறேன். முகப்புப் பக்கத்துக்கு அச்சகத்தில் ஏற்கெனவே ஈய எழுத்துக் கோத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

மக்கள்தொகைப் படிவம் வந்தது. ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற இடத்தில் இரண்டு பேர் எழுதினேன்: ஆர்னால்ட், குடும்பத் தலைவர், செல்மா, மனைவி. உன் குளிர்கோட்டு இங்கே தொங்குகிறது. உன் மூக்குக்கண்ணாடியின் பழைய கூடு இருக்கிறது. வழக்கம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? எண்ண வந்த பெண் ஒன்றும் கேட்கவில்லை. மேயர் கெல்லர் என் கையைக் குலுக்கினார். மெரிட் ஆயிரம்.

தோர்வால்ட் ஹாகன் பையோடு வந்தால் இதைச் சொல்லிவிடு. சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எழுது.

ஆர்னால்ட்


லிண்டால்,
16 ஏப்ரல் 1960

ஆர்னால்ட்,

பார்த்தேன், எழுதுகிறேன். முகம் சிவப்பு.

ஏப்ரல் ஒன்றாம் தேதி நான் இங்கே இருந்தேன். அக்டோபரிலிருந்து இங்கே தூங்குகிறேன். ஆகவே தோர்வால்ட் என்னை இங்கரின் வீட்டில் எழுதினார்: குடும்பத் தலைவரின் அக்கா. லிண்டால் 312. நேற்று வட்டார அலுவலகத்திலிருந்து அவருக்கு ஓலை வந்தது. செல்மா க்ரெப்ஸ் என்ற பெண் ஒரே கவுண்டியில் இரண்டு ஊரில் வசிக்கிறாளாம். எழுதியவர்களில் ஒருவர் இம்மாத முடிவுக்குள் நேரில் வந்து ஒன்றை அடிக்கவேண்டும்.

தோர்வால்ட் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். “நா வேணா என் தாள்ல அடிச்சுடறேன் செல்மா. உன் புருஷன் பாவம்” என்றார். வேண்டாம் என்றேன்.

ஏழு வருஷம் நான் இருந்த இடத்தில் என்னை அடித்துவிட்டாய். இப்போது நான் இல்லாத இடத்தில் என்னை எழுதியிருக்கிறாய். இரண்டு முறையும் என்னைக் கேட்கவில்லை. உன் தாள், உன் பேனா. நீயே முடிவு செய். நான் ஒன்றையும் அடிப்பதாக இல்லை.

செல்மா


மெரிட்,
29 ஏப்ரல் 1960

அன்புள்ள செல்மா,

கையால் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமை வட்டார அலுவலகம் போய் உன் பெயரை என் படிவத்திலிருந்து அடித்தேன். ‘வீட்டில் ஒருவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா காரணம் கேட்டான். “தப்பா எழுதிட்டேன்” என்றேன். பதிவாளராக இருந்த இருபத்தொரு வருஷத்தில் நான் அதைச் சொன்னது முதல்முறை. அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெரிட் இப்போது 999. மேயர் கெல்லர் என்னோடு பேசுவதில்லை. எல்லைப் பலகையை மாற்ற ஆள் வந்தபோது ஏணியை நான்தான் பிடித்தேன். அவன் மேலிருந்து, “ஒரே ஒரு ஆளு, ஒரு புள்ளையாவது பெத்திருக்கக்கூடாதா யாராச்சும்” என்று திட்டிக்கொண்டே வரைந்தான்.

அங்கிருந்து அச்சகம். கோத்ததைப் பிரிக்கச் சொன்னேன். இப்போது ‘ஆர்னால்ட் க்ரெப்ஸ், செல்மா க்ரெப்ஸ் எழுதியது’ என்று இருக்கிறது. ஒரே அளவு எழுத்து. என் பெயர் முதலில் வருவது அகர வரிசை கருதி. என் தாத்தா பத்தி உன் வார்த்தையிலேயே போகிறது. ‘திருடப்பட்டது’ என்றே விட்டுவிட்டேன். தோர்வால்ட் ஒன்பது இடத்திலும் வருகிறார்.

இன்னொன்று. தாத்தாவின் கல்யாணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை லிண்டால் வந்தேன். பழைய முத்திரை கிடங்கில் ரசீதுகளுக்குப் பாரமாக இருக்கிறது என்று உன் அத்தியாயத்தில்தான் படித்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். தோர்வால்ட் சான்றிதழை வாங்கிப் படித்து, “உங்க தாத்தா எழுபத்தஞ்சு வருஷம் லேட்டு” என்றார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார். இன்னும் நன்றாகவே விழுகிறது.

நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அவரே சொன்னார். “காப்பி குடிக்கப் போறேன்னுதான் பேரு, க்ரெப்ஸ். அஞ்சு மாசமா செல்மா உங்களத் திட்டறதக் கேட்டுட்டு வரேன். நடுவுல நா ஒரு வார்த்த என்னப் பத்திச் சொல்ல இடம் இல்ல. ஊர்ல இல்லாத ஒரு ஆளு இவ்ளோ இடத்த அடைச்சு நா பாத்ததில்ல.” சொல்லிவிட்டு முத்திரையை ரசீதுகள்மேல் திரும்ப வைத்தார், கொஞ்சம் பலமாகவே. அந்த மனுஷன் பொறாமைப்படுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்மேல். வீடு வரும்வரை அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வெட்கமாகவும் இருக்கிறது, கொஞ்சம்.

இங்கர் வீட்டில் நிறுத்தவில்லை. நீ கூப்பிடவில்லை.

வெள்ளரிக்காயும் தீர்ந்துவிட்டது. பெர்னீஸின் கோழி உப்பு அதிகம்.

ஆர்னால்ட்


லிண்டால்,
3 மே 1960

அன்புள்ள ஆர்னால்ட்,

நீ போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அஞ்சல்பெட்டி அருகே வண்டி நின்றது, தொப்பியை ஒருமுறை சரிசெய்தாய், பிறகு மெதுவாக நகர்ந்தது. இங்கர், “போய்க் கூப்பிடேன்டி” என்றாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். கையில் மாவு இல்லை.

அகர வரிசையை ஒத்துக்கொள்கிறேன். அதைக் கண்டுபிடித்தது ஓர் ஆர்னால்டாகத்தான் இருக்கவேண்டும்.

உப்பு விஷயத்தை இரண்டு முறை படித்தேன்.

புத்தகத்தின் அட்டவணையில் மெரிட் 999, லிண்டால் 312 என்றே போகட்டும். மாற்றாதே. அது சரியான கணக்கு. இன்னும் பத்து வருஷத்துக்கு அதுதான் வரலாறு. ஏப்ரல் ஒன்றாம் தேதி எங்கே இருந்தாய் என்றுதான் அரசாங்கம் கேட்டது. மே எட்டாம் தேதி பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை. அன்று ஞாயிறு. தோர்வால்ட் பாடுவார், ஒரு மணி நேரம் நீ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவேண்டும். பிறகு என் பெட்டி வாசலில் இருக்கும். வண்டியின் பின் இருக்கையில் தட்டச்சு இயந்திரத்துக்கு இடம் விட்டு வா, அது என்னுடையது.

திருத்தக் கோட்டு வளைவில் சரளைக்கல் புதிதாகக் கொட்டியிருக்கிறார்கள். அங்கே மட்டும் வேகத்தைக் குறை.

செல்மா