கல்லில் பூத்த பூ

7-2-1984, செவ்வாய்
தொட்டியில் விட்ட கடல்குதிரை தேறிவிட்டது. வயிற்றுப் பை உப்பியிருக்கிறது, குட்டிகள்தான்! திருப்பதி காலேஜில் ஜுவாலஜி நடத்தும் என் சிநேகிதி செல்வி மண்டபம் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கூடவே வந்த பாறைத்துண்டில் பழுப்பாக ஏதோ ஒன்று விரிந்து நிற்கிறது. இவர் பார்த்துவிட்டு, “ஜெயசீலி, கல்லு பூத்திருக்கு பாரு!” என்று குதிக்கிறார்.

12-2, ஞாயிறு
சபையில் இவர் செய்த பிரசங்கமே அந்தப் பூதான். கடினமான இருதயமும் ஒருநாள் பூக்குமாம். சித்தூர் சபையே உருகிவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். ஆனால் வீட்டில் ஒரு சயின்ஸ் டீச்சர் இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்டாரா? ஆராதனை முடிந்து எல்லோரும் தொட்டியைப் பார்க்க வந்துவிட்டார்கள். காபித்தூள் காலி.

14-2
லென்ஸில் பார்த்தேன். பூவா அது? கல்லோடு ஓசிப் பயணம் வந்த பிராணி, கடல் அனிமோன்! இதழ் மாதிரி இருப்பதெல்லாம் கொட்டும் கைகள். இறால் குஞ்சு ஒன்றைப் பிடித்து விழுங்கியது. கடல்குதிரையோ அந்தக் கல்லில்தான் வாலைச் சுற்றிக்கொள்கிறது.
இவரிடம் சொன்னேன். “சபையே அதைப் பத்திப் பேசிக்கினு இருக்கு. இருந்துட்டுப் போவட்டும் விடு.”

15-2
இவர் நகரிக்குப் போன சமயம் அதைப் பிளேடால் அறுத்துவிட்டேன். தொல்லை விட்டது.

18-2
விடவில்லை. அறுத்த துணுக்கெல்லாம் முளைத்துக் கல் முழுக்கப் பூ! தொட்டியைப் பார்க்க வந்த சபை ஞானம்மாள் கன்னத்தில் கைவைத்து, “பெருகிக்கினே கீது பாஸ்டரம்மா, ஆசீர்வாதம்!” என்றாள். அழுவதா சிரிப்பதா?

20-2
திருப்பதி போய் வந்தேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வெட்டினியா? வெட்டுனா பயிராயிடும்டீ. கொதிக்கிற தண்ணிய ஊசியில ஏத்தி நடுவாயில குத்து.” ஊசியும் அவளே கொடுத்தாள்.

21-2
கடல்குதிரையின் வாலில் கொட்டுப்பட்டு வெள்ளையாகப் புண். பிடி நழுவி மிதக்கிறது. ஐயோ, குட்டிகளோடு போயிடுமா? கத்திட்டேன். “உங்க பிரசங்கத்துக்கு இது சாவணுமா?”
இவர் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். புண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு தானே அடுப்பில் தண்ணீர் வைத்தார். “எங்க குத்தணும், காட்டு.”
கடல்குதிரையைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் குத்தினோம். ஒவ்வொரு குத்துக்கும் “மன்னிச்சிடு” என்கிறார் மனுஷன்.

23-2
கல் சுத்தம். கடல்குதிரையைத் திரும்பத் தொட்டியில் விட்டாயிற்று. புண் ஆறுகிறது.

26-2, ஞாயிறு
பிரசங்க மேடையில் நின்று, “நான் பூன்னு சொன்னது பூ இல்ல. வீட்டுல கேட்டிருக்கணும், கேக்கல” என்றார். ஒரே சிரிப்பு. ஞானம்மாள் எழுந்தேவிட்டாள். “பேத்திக்குப் புஷ்பம்னு பேரு வெச்சிட்டனே, இப்ப இன்னா பண்றது?”
“இருக்கட்டும்மா. அவ கொட்ட மாட்டா.”
எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கோயிலில் முடியுமா?

3-3, சனி
காலையில் தொட்டி நிறையக் குட்டிகள்! இமை முடி அளவுதான் ஒவ்வொன்றும், நிமிர்ந்து நீந்துகின்றன.
சாயங்காலம் இவர் நாளைய பிரசங்கத்தோடு சமையலறைக்கு வந்தார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. “படிச்சிப் பாரு. தப்பிருந்தா இப்பவே சொல்லிடு.”
முதல் வரியே, ‘வலியைத் தாங்கிக் குட்டிகளைச் சுமந்த அந்தத் தாய்...’ கடல்குதிரையில் ஆண்தானே சுமக்கும்! பென்சிலை எடுத்துத் ‘தாய்’ என்பதை அடித்துவிட்டு, ‘தகப்பன்’ என்று எழுதிக் கொடுத்தேன்.