அத்தை மருந்து வைக்கவில்லை, அப்பா

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் உயிரோடு இருந்தபோது முதலில் ஒரே வீட்டில் இருந்தோம், என் கல்யாணத்துக்குப் பிறகு கூப்பிடு தூரத்தில் இருந்தோம். கடிதம் எழுத வேலையே இல்லை. இப்போது ஒரு சேதி இருக்கிறது. அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு வயிற்றில் கேன்சர். பதறாதீர்கள், நீங்கள் அங்கே பதறி இங்கே ஒன்றும் ஆகப்போவதில்லை. நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை. முதலில் சில தடவை கீமோ, அப்புறம் ஆபரேஷன் செய்து இரைப்பையில் கெட்டுப்போன பகுதியை எடுப்பார்கள், அதற்குப் பிறகு மறுபடியும் கீமோ. கீமோ தொடங்கிவிட்டது. நான் தேறிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

நான் இப்போது பாப்பாரப்பட்டிப் பக்கம் பால் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். விடிந்ததும் கேன்களுக்கு நடுவே நின்று பாலை அளந்து, கொழுப்பு பார்த்து, தண்ணீர் கலந்தவர்களோடு சண்டை போடுவது என் உத்தியோகம். வாய் உங்களுடையது என்று அம்மா சொல்வார். போன மழைக்காலத்திலிருந்தே இரண்டு வாய் சோறு உண்டதும் வயிறு நிறைந்துவிடும். கேஸ் என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். ஸ்லிம் ஆகப் பார்க்கிறாயா என்று உங்கள் மருமகன் மாதேஷ் கிண்டல் செய்தார். கையில் வளையல் நிற்காமல் கழன்று விழுந்த அன்று கிண்டலை விட்டுவிட்டு பைக்கை எடுத்தார்.

தருமபுரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்ததும் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அழவில்லையா என்று கேட்பீர்கள். அழுதேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கவே அழுதேன். மாதேஷும் அழுதார். ரொம்ப பயமாக இருந்தது அப்பா. பிறகு சேலம் பஸ் வந்தது, சீட் பிடிக்க ஓட வேண்டியிருந்தது, ஓடினோம்.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. டாக்டர் சின்னப் பெண், சென்னையில் வளர்ந்தவர். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றில் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் நோயில் செத்ததாகவே நம் வீட்டில் யாரும் நினைக்கவில்லையே. அதற்குள் எங்களோடு வந்திருந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அவங்கப்பாவுக்கும் வயிறுதாங்க. ஆனா அது நோயில்லீங்க. மருந்துங்க."

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, என்ன மருந்து, பெயர் ஞாபகம் இருக்கிறதா என்றார். பேரெல்லாம் தெரியாதுங்க, சோத்துல கலந்து குடுத்தது என்றார் அம்மா. டாக்டர் விடவில்லை.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் சிரித்துவிட்டேன் அப்பா. கேன்சர் என்று எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்றால் வேறு அர்த்தம், ஒருவரைத் தன் சொல்படி ஆட்டிவைக்க சோற்றில் எதையோ கலந்து கொடுப்பது, அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்று நம்புவார்கள், எங்கப்பாவுக்கு அவர் தங்கச்சியே வைத்துவிட்டதாகப் பேச்சு என்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. உங்களுக்கு என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோறு இறங்காதது, வாந்தி, மலம் கறுப்பாகப் போனது, எலும்பும் தோலுமாக ஆனது எல்லாவற்றையும் அம்மா சொன்னார். இத்தனை வருஷம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்டால் இதே நோய் மாதிரித்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ரத்த உறவில் யாருக்காவது வயிற்றுத் தொந்தரவு இருந்தால் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

உங்கள் ரத்தத்தில் மிச்சம் இருப்பது நானும் மாதம்மா அத்தையும்தான்.

நீங்கள் எப்போதும் தங்கச்சி பக்கமே பேசுவீர்கள். அவர் கேட்டால் ஏரைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் ஊரான நல்லம்பள்ளிக்குக் கிளம்பிவிடுவீர்கள். உடம்பு இளைத்ததும் ஊருக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மருந்து எடுப்பவரிடம் உங்களைக் கூட்டிப்போனோம். அவர் பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, கறுப்பாக முடியும் சதையுமாக ஒன்றைக் காட்டினார். இதையா இத்தனை நாள் சுமந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்கு ஒரு களி உருண்டை முழுசாகச் சாப்பிட்டீர்கள். எங்களுக்கு என்ன சந்தோஷம். அடுத்த மாதம் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அத்தை உங்களைப் பார்க்க வந்த அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்களே. அந்த மருந்துப் பேச்சை நம்பித்தான் திரும்பினீர்களா? இல்லை, பேசத் தெம்பில்லையா? அத்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். இது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. உங்கள் மேல் எனக்கு இதில் கோபம்தான் அப்பா.

டாக்டர் சொன்ன பிறகும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. எனக்கும் யாரோ வைத்திருப்பார்கள், ஒரு நடை போய் எடுத்துவிட்டு வந்து அப்புறம் கீமோ ஆரம்பிக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன் என்றேன். உங்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டு என்ன ஆனது என்று பார்த்தவள் நான். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆனாலும் எனக்குத் துண்டும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

முதல் கீமோ போட்டுக்கொண்டு வந்ததும் ஒரு விசித்திரம். ஜில்லென்று எதையும் தொட முடியவில்லை. சங்கத்தில் பால் கேனைத் தொட்டால் விரலில் ஊசி குத்துகிறது, பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை இழுத்துப் பிடிக்கிறது. இந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும், எல்லாம் வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். கையுறை போட்டுக்கொண்டு பால் அளக்கிறேன். டாக்டரம்மா வந்துட்டாங்க என்கிறார்கள் பால் ஊற்ற வருபவர்கள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் மாதேஷோடு நல்லம்பள்ளிக்குப் போனேன். அத்தை தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கடைக்குப் போய் சோடா வாங்கிவந்து, என் கண் எதிரிலேயே மூடியைத் திறந்து நீட்டினார். பிஸ்கட் பாக்கெட்டும் பிரிக்காமல் வைத்தார். அப்போதுதான் மாதேஷ் என் காதில் சொன்னார். அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து யார் வந்தாலும் அத்தை இப்படித்தானாம், தன் அடுப்பில் ஆனதை யாருக்கும் கொடுப்பதில்லையாம், விசேஷ வீடுகளில் சோற்றுக் கரண்டியையும் தொடுவதில்லையாம். சோடாவை வாங்கிக் கீழே வைத்தேன்.

எனக்கு வந்திருப்பதைச் சொன்னேன். உங்களுக்கு வந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அப்ப எங்கண்ணன் நோவுலதான் போச்சா கண்ணு என்று மட்டும் அத்தை கேட்டார். தனக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை என்றார். ஜில் ஆகாது, சூடாக ஏதாவது கொடுங்கள் அத்தை என்றேன். நானா என்றார். இங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்றேன். அவர் அடுப்பைப் பற்ற வைத்தார். ராகி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு உப்புப் போட்டுக் கொடுத்தார். முழு டம்ளரும் குடித்தேன், அப்பா. கீமோவுக்குப் பிறகு குமட்டாமல் இறங்கியது அதுதான்.

இரண்டாவது கீமோ கொஞ்சம் படுத்திவிட்டது. எதைக் கொடுத்தாலும் திரும்பி வந்தது. எடை இறங்கினால் அடுத்ததைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அத்தை கஞ்சி மட்டும் இறங்கியது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எனக்குத் தெரியாமல் மாதேஷிடம் போனை வாங்கி யாரிடமோ பேசியிருக்கிறார். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார்.

அம்மா சமையல்கட்டைக் காட்டிவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டார். கஞ்சி ஆனதும் அத்தை அதை டம்ளரில் ஊற்றினார். எல்லோருக்கும் தெரியும்படி முதல் வாய் தானே குடித்துக் காட்டுவதற்காக உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்தார். அம்மா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் குடிச்சிக் காட்ட வேணாம் மாதம்மா. புள்ளைக்குக் குடு."

அத்தை உடைந்து அழுதார். அம்மாவும் அழுதார். கஞ்சி ஆறுது, யாராவது ஒருத்தர் குடுங்க என்று நான்தான் சத்தம் போட வேண்டியிருந்தது. குடித்தேன். தங்கியது.

அத்தை இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார். உப்பு அதிகம் என்று அம்மா சொல்வதும், நாக்கு செத்துப்போச்சு அண்ணிக்கு என்று அத்தை சொல்வதுமாகப் பொழுது போகிறது. அடுத்த கீமோ தள்ளிப்போகவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு சின்னதாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேர் சமைத்துப் போட இருக்கும்போது எனக்கு என்ன கஷ்டம்?

இரண்டு வாக்குத் தருகிறேன் அப்பா. இதை நான் முடித்துவிட்டுத்தான் ஓய்வேன், உங்களைப் பார்க்க இப்போதைக்கு வருவதாக இல்லை, எனக்காக வழி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இன்னொன்று, நீங்கள் எதனால் போனீர்கள் என்று யார் கேட்டாலும் கேன்சர் என்று பெயர் சொல்லித்தான் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

உங்கள் மகளும்,
உங்கள் தங்கச்சியின் மருமகளுமான
கோகிலா