சுதாவுக்குக் கல்யாணம்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். காலை ஏழு மணிக்கே கூரை ஷீட் கொதிக்கிறது.

தங்கச்சி சுதாவை இன்று பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அறந்தாங்கிப் பக்கம், செல்போன் கடையில் வேலை. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று நேற்றே முடிவாகிவிட்டது. சொன்னது கீரனூர் அத்தை. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவ இருக்கையில எளையவளுக்கு ஏன் முடிக்கிறீங்கம்பாங்க. ஒன்னையப் பாத்தா குடும்பத்துலயே இருக்குமோன்னு யோசிப்பாங்க. தாலி ஏறட்டும் மலரு. அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

யாராவது கேட்டால் பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டுமாம். எனக்குப் பொய் வராது என்றேன். "அப்ப வாயத் தெறக்காத" என்றார். அது முடியும்.

எடுத்துப் போனவை: தண்ணீர், எலுமிச்சை சாதம், காதுக்குப் பஞ்சு, மாற்றுத்திறனாளி அட்டை. எல்லாம் சுதா எடுத்து வைத்தாள்.

கீரனூரில் பஸ் மாறி குன்றாண்டார்கோவில். குகைக் கோயிலுக்குள் குளிர்ச்சி, வௌவால் வாடை. பேச ஆள் இல்லை, நல்லது. மத்தியானம் நடை சாத்திவிட்டார்கள். வெளியே கல் சுட்டது. வேப்பமரத்தடியில் நின்றே சாப்பிட்டேன்.

அத்தை திரும்பி வரச் சொன்ன நேரம் மூன்று. சரியாக 3:00க்கு வீட்டு வாசலில் நின்றேன். அங்கே ஒரு வேன். அவர்கள் வந்து சேர்ந்ததே இரண்டரைக்காம். எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னிடம் போன் கிடையாது, வீட்டில் இருப்பது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ யாரு புள்ள?"

வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல் கை தானாக உதற ஆரம்பித்தது. முந்தானைக்குள் மறைத்தேன்.

"என்ன, பேச மாட்டியா?"

அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தார். "பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க. வாய் பேச வராது."

"அய்யோ பாவம்" என்று அந்த அம்மா உள்ளே போய் ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நல்லவர்தான். சுதா நிலைப்படியில் பட்டுப்புடவையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டு வாசலில் நின்று கேசரியைச் சாப்பிட்டேன். சர்க்கரை அதிகம்.

மே 5, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. நேற்றைய வெயில், வேன் சத்தம், எல்லாம் இன்றுதான் வருகிறது. மத்தியானம் வரை போர்வைக்குள். மெடிக்கல் கடைக்குக் கவர் ஒட்டித் தர வேண்டும், ஒன்றுகூட ஒட்டவில்லை.

சுதா துணிக்கடை வேலைக்கு லீவு போட்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொடவில்லை. தொட்டால் எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

"நேத்து நான் சொல்லிருக்கணும்க்கா."

"ஆமா" என்றேன்.

அழுதாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஆமாம் என்பதுதானே சரி.

நேற்று ராத்திரி மாப்பிள்ளையிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டாளாம். அவருக்குப் பிரச்சினை இல்லையாம், அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாராம். "நல்ல மனுசங்கக்கா" என்றாள். இருக்கலாம்.

எனக்கு இருப்பது ஆட்டிசம் என்று புதுக்கோட்டை டாக்டர் சொன்னபோது எனக்கு வயது 29. அன்று அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டியது சுதாதான். அதுவரை ஊரில் எனக்குப் பெயர் மந்தம். இப்போதும் அதேதான். வீட்டில் மட்டும் மாறியது.

மே 22, வியாழன்

அனல் காற்று. பத்திரிகை வந்தது. எண்ணிப் பார்த்தேன், 250. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். அத்தை என்னிடம் கொடுத்தார். "இவ கை சுத்தம், ஒரே மாதிரி வைப்பா."

ஒரே மாதிரிதான் வைத்தேன். எல்லாம் ஒரே அளவு.

தங்கள் நல்வரவை விரும்பும் என்று கீழே ஒரு பட்டியல். அத்தையின் பேரப்பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் நல்வரவை விரும்புகிறது. என் பெயர் இல்லை. ஒரு பத்திரிகையில்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்ததை எடுத்தேன். பிறகு அதற்கடுத்தது. அப்புறம் மஞ்சளை மட்டும் பார்த்தேன்.

வேலை முடிந்தபோது விரல் நகமெல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டும் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வானம் மூடல். மழை இல்லை.

கல்யாணம் முடிந்தது. நான் போகவில்லை. மேளம் எனக்கு ஆகாது என்று நானே சொல்லிவிட்டேன். அத்தைக்கு நிம்மதி. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் மேளமே இல்லாத கல்யாணமாக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடியற்காலையில் வேனில் சீர் ஏற்றினார்கள். பாத்திரம், பீரோ, கட்டில். கட்டில் என் உதவித்தொகைச் சேமிப்பில் வாங்கியது. சுதா கழுத்தில் மாலையோடு உள்ளே வந்து, "போய்ட்டு வாரேன்க்கா" என்றாள். "எப்ப வருவ?" என்று கேட்டேன். "மறுவீட்டுக்கு. புதன்கெழம." காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

அப்பா சாயங்காலம் திரும்பினார். சாப்பாட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தார்.

"ஒங்க ஆத்தா இருந்திருந்தா இதுக்கு விட்டிருக்க மாட்டா."

"எதுக்கு?"

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

ஜூன் 11, புதன்

மறுவீடு. சுதா, மாப்பிள்ளை, அவர் அம்மா மூன்று பேரும் பதினொன்றுக்கு வந்தார்கள். கீரனூர் அத்தை வரவில்லை, காய்ச்சல். என்னை எங்கேயும் போகச் சொல்ல ஆள் இல்லை. நான்தான் இலை போட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணு அன்னைக்கும் இங்கிட்டுதான நின்னுச்சு. பாவம், ஒத்தாசைக்கு வருதாக்கும்" என்றார்.

அப்பா கையில் சோற்றுக் கரண்டி. அப்படியே நின்றார்.

நான் யோசித்தேன். தாலி ஏறியாகிவிட்டது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அத்தை சொன்னது. இதுதான் அந்த அப்புறம்.

"நான் சுதாவோட அக்கா. பேரு மலர்" என்றேன்.

"பேசுது" என்றார் அந்த அம்மா, மகனைப் பார்த்து. அவர் மகன் இலையைப் பார்த்தார். ஃபேனில் ஒரு இறக்கை தட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா மறைச்சிட்டீங்க சம்பந்தி."

அப்பா கும்பிட்டார். கரண்டியோடு சேர்த்துக் கும்பிட்டார். அதைப் பார்க்க முடியாமல் உள்ளே போய் மூலையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று இலையிலும் பாதிச் சாப்பாடு அப்படியே. சாயங்காலம் வரை இருப்பதாக இருந்தது, ஒன்றரைக்கே கிளம்பிவிட்டார்கள். போகும்போது சுதா உள்ளே வந்தாள்.

"நான் சொன்னது தப்பா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நான் சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட."

ஆனால் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. முகத்தைப் படிக்க எனக்கு வராது. சுதா முகம் மட்டும் கொஞ்சம் வரும்.

ஜூன் 20, வெள்ளி

வெயில். கவர் 400 கொடுத்தாயிற்று. ரேஷனில் பாமாயில் இல்லை, திங்கள் வரச் சொன்னார்கள்.

ஒன்பது நாளாகப் போன் இல்லை. இன்று சாயங்காலம் சுதா கூப்பிட்டாள். மெதுவாகப் பேசினாள், மொட்டை மாடியில் நிற்கிறாளாம்.

"அக்கா, ஆடிக்கு நான் நம்ம வீட்டுக்கு வரல. கீரனூர் அத்த வீட்டுலதான் இருக்கணுமாம். அப்பாவ அங்க வந்து பாத்துக்கச் சொல்றாங்க."

"ஏன்?"

"கொழந்த பொறக்குற வரைக்கும் ஒன்னையப் பாக்கக் கூடாதாம். பாத்தா கொழந்தையும்..." நிறுத்திவிட்டாள்.

"பாத்தா வராது. டாக்டர் சொல்லிருக்காரு."

"எனக்குத் தெரியும்க்கா."

"அவங்ககிட்ட சொன்னியா?"

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"கீழ கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.

அப்பா அப்போதுதான் ரைஸ்மில்லிலிருந்து வந்திருந்தார். தலையெல்லாம் தவிடு.

"சுதாவா? என்ன சொல்லுது?"

ஒன்று விடாமல் சொன்னேன். எதை விட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று கேட்டதற்கு, "இங்கிட்டுதான்" என்றார்.

இன்னும் வரவில்லை. குழம்பு ஆறிவிட்டது.