கோபம் வராத கல்யாணம்

எறையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் திருமுருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், அக்கா சிவரஞ்சனியும் அவள் பாப்பாவும் சுகம். அந்த ஊர்க் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க குலசாமி பார்த்துக்கொள்ளட்டும். கரும்பு வெட்டி லோடு ஆலைக்குப் போய்விட்டது, அப்பா இரண்டு நாளாக நிம்மதியாகத் தூங்குகிறார். வைகாசியில் பாப்பாவுக்குக் காதுகுத்து என்று சொன்னதற்கு, நீ, ஆபீசில் குணம் பார்க்கிற பரீட்சை ஏதோ வைத்தார்கள், நான் கூட்டத்தோடு ஒட்டாத ஆள் என்று வந்திருக்கிறது, சபையில் உட்கார எனக்கு வராது, பெரியப்பா மகன் ஜெயசீலனை உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டாய். அக்கா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. தாய்மாமன் நீ இருக்கும்போது பாப்பா வேறு யார் மடியில் உட்காருவாள்? போனில் சொன்னால் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் விக்கிரமங்கலத்தில் உன் மாமா மகன் கல்யாணம். மாமா நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனிலேயே அழைத்துவிட்டார். சொந்தத்தில் எனக்குக் கோபக்காரி என்று பேர் இருப்பது உனக்குத் தெரியும். மண்டபத்தில் நான் நுழைந்ததும் ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். உன் சித்தி லீலாவதி ஓடிவந்து, பந்தி முடியட்டும்க்கா, அப்பறம் சண்ட போட்டுக்கலாம் என்று காதில் சொன்னாள். நிஜமாகவே எனக்குக் கோபம் இல்லை, பசிதான் இருந்தது. ஆனால் எல்லாரும் என் முகத்தையே பார்க்கவும், கத்தாவிட்டால் நன்றாக இருக்காதோ என்று வாயைத் திறந்துவிட்டேன். பாதியிலேயே எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா பயந்துபோய், ஏம்மா ஒடம்புக்கு முடியலயா என்றார். வீட்டுக்கு வந்தும் அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் நான் பட்ட கோபத்தில் பாதி, ஊர் எதிர்பார்க்கிறதே என்று பட்டதுதான் போல.

உன் பரீட்சை பொய் என்று சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிற பிள்ளைதான் நீ. வந்து யாரோடும் பேச வேண்டாம், சும்மா உட்கார். ஆசாரி காது குத்தும்போது பாப்பா அழுகிற அழுகையில் உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்? போனில் உன் குரல் கேட்டாலே கையை நீட்டுகிறாள். அவளுக்கு நீ எப்படிப்பட்ட ஆள் என்று அந்தப் பரீட்சையில் கேட்டார்களா?

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. லீவுக்கு இப்போதே சொல்லிவை. எங்கே இருந்தாலும் நன்றாக இரு. முன்னே மாதிரி என்றால் சண்டை போட்டே உன்னை வரவழைத்திருப்பேன். இப்போது கேட்கத்தான் தெரிகிறது. வந்துவிடு சாமி.

உன் அம்மா,
மலர்கொடி