மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது

மார்ச் 4, செவ்வாய்

பொடிசு, உன் அக்கா நோட்டு எழுத உட்கார்ந்திருக்கிறாள். சிரிக்காதே. ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். "என்ன வேலை செஞ்சீங்க, எங்க வலிச்சுது, தேதி போட்டு எழுதி வைங்கம்மா, பின்னால உதவும்" என்றார். எனக்கு நானே எழுதினால் கை நகரமாட்டேன் என்கிறது. உனக்கென்றால் வருகிறது. நீ கண்மூடி எட்டு மாதம் ஆனதை இந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை, சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டியின் சக்கரம் தரையில் சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வலது தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தசைநார் கிழிந்திருக்கிறதாம். பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். "வீட்லயும் அதே சட்டம்தான்" என்று உன் மாமாவைப் பார்த்து ஒரு முறை முறைத்தார் பார்! அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும்.

மார்ச் 5

சீட்டை மேலாளரிடம் கொடுத்தேன். நீ வைத்த கஞ்சி என்ற பேர்தான் அவருக்கு இன்னும். சட்டைக் காலர் இன்னும் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு தடவை படித்துவிட்டு, "மூணு கிலோன்னா ரெண்டு தலையணை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல உங்களுக்கு நான் என்ன வேலை கொடுக்கிறது?" என்றார். கடைசியில் கிழிசல் மேசை. நோயாளிகளின் அங்கிக்கு அறுந்த நாடா தைக்கிற வேலை.

மார்ச் 10

நாடா நாற்பது. சாயங்காலம் கொஞ்சம் வலி. தலை பின்னக் கை எட்டவில்லை. உன் மாமா பின்னிவிட்டார். கயிறு திரித்த மாதிரி இருக்கிறது. அவிழ்க்க மனசு வரவில்லை, அப்படியே வேலைக்குப் போய் வந்தேன்.

மார்ச் 17

நாடா அறுபது. வலி குறைவு.

மனசுதான் சரியில்லை. நீ நின்ற இடத்தில் நின்று என்னோடு விரிப்பு மடிக்கிறாளே நெட்டை, அவள் இப்போது என் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறாள். இஸ்திரிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, "மகாராணி உக்காந்தாச்சு, தாம்பாளம் கொண்டு வாங்கடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது.

மார்ச் 20

தப்புப் பண்ணிட்டேன் பொடிசு. நெட்டை தனியா மூட்டையை மேல் தட்டுக்கு ஏத்த முடியாம தவிச்சுக்கிட்டிருந்தா. யாரும் சொல்லல. நானா எழுந்து போனேன். ஒரு கை கொடுத்தா என்ன குறைஞ்சுடும்னு தோணுச்சு. ஒன்பது கிலோ இருக்கும். தலைக்கு மேல தூக்கிட்டேன்.

திரும்பினா ஆபீஸ் ரூம் கண்ணாடிக்குப் பின்னாடி கஞ்சி.

மார்ச் 21

கை வெளுத்த துணி மாதிரித் தொங்குகிறது. பல் தேய்க்க இடது கை. ரவிக்கை போட உன் மாமா. நாடா ஆறு.

மார்ச் 24

கஞ்சி கூப்பிட்டார். மேசை மேல் ஒரு தாள். எனக்கு உடம்பு பூரணமாகத் தேறிவிட்டது, பழைய வேலைக்குத் திரும்பச் சம்மதம் என்று டைப் அடித்திருந்தது. "அன்னைக்குத் தூக்கினீங்களே, பார்த்தேனே. முடியும்னா செய்யுங்க. முடியாதுன்னா, இங்க உங்களுக்கு வேலை இல்லைன்னுதான் நான் மேல எழுதணும்" என்றார். திட்டவில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

இந்த வேலையும் போனால்? பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். வாசலில் நெட்டை கத்தினாள்: "அக்கா, மிஷின் நின்னுபோச்சு, ஓடியாங்க!" ஓடினேன். மிஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னடி இது?"

"கையெழுத்துப் போட என்னக்கா அவ்வளவு அவசரம்? உங்க கல்யாணப் பத்திரமா அது?"

மார்ச் 25

நெட்டை தொழிற்சங்கத்து அம்மாவைக் கூட்டிவந்தாள். அவர் சீட்டைப் படித்துவிட்டு, "டாக்டர் எழுதினதை டாக்டர்தான் மாத்தணும். மேனேஜராலயும் முடியாது, உங்களாலயும் முடியாது. வேலை செய்யற இடத்துல பட்ட அடிம்மா இது. உங்க உடம்புக்கு ஏத்த வேலை கேக்கிறது உங்க உரிமை. பிச்சை கேக்கிற மாதிரி நிக்காதீங்க" என்றார்.

பிறகு, "தினமும் எழுதி வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"எழுதறேன். ஆனா தங்கச்சிக்கு எழுதறேன்."

"யாருக்கு எழுதினா என்ன, தேதி இருக்குல்ல? கொண்டு வாங்க."

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பணியாளர் அதிகாரி வருகிறாராம். நோட்டைப் படிப்பாராம். இருபதாம் தேதி தூக்கியதை நானே எழுதிவைத்திருக்கிறேனே! அந்தத் தாளைக் கிழித்துவிடவா? கிழித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கஞ்சி வேறு நோட்டெல்லாம் ஊற்றியிருக்கிறது.

மார்ச் 27

கிழிக்கவில்லை. உனக்கு எழுதியதைக் கிழிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

பணியாளர் அதிகாரி ஒரு அம்மா. வாய்விட்டே படித்தார். "யாரு இந்தக் கஞ்சி?" என்று நிமிர்ந்தார். நெட்டைக்குத் திடீரென்று இருமல்.

"நான்தான் மேடம்" என்றார் அவரே, காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. அதிகாரியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இருபதாம் தேதி வந்தது. "பாருங்க மேடம், தூக்கினேன்னு அவங்களே எழுதியிருக்காங்க" என்றார் கஞ்சி.

"தூக்கினதால என்ன ஆச்சுன்னும் அவங்களே எழுதியிருக்காங்க. மறுநாள் ஆறு நாடா. அதுக்கு நாலு நாள் முன்னாடி அறுபது. பொய் சொல்றவங்க அந்தப் பக்கத்தை விட்டு வச்சிருப்பாங்களா?" என்றார் அந்த அம்மா.

டைப் அடித்த தாள் குப்பைக்குப் போனது. டாக்டர் மாற்றுகிறவரை கிழிசல் மேசை. மூட்டை ஏற்ற நெட்டைக்கு இன்னொரு ஆள். என்னிடமும் விரல் நீட்டினார்: "நீங்களும் இனிமே மூட்டை பக்கம் போகக் கூடாது, தெரியுதா?" ஸ்கூலில் திட்டு வாங்கிய மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

வெளியே வந்ததும் கஞ்சி மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பேரு யாரு வச்சது?"

"என் தங்கச்சி, சார்."

"அது இருந்தப்போ இந்தக் கூடமே சிரிக்கும்" என்றார். சாயங்காலம் என் மேசைக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று வந்திருந்தது. இவ்வளவு பேர் எனக்காக நின்றிருக்கிறார்கள் பொடிசு. கும்பிட நினைத்தால் இந்தக் கை நெஞ்சு வரைக்கும்தான் வருகிறது. அது போதும்.

மே 27, செவ்வாய்

மூன்று கிலோ ஐந்து கிலோவானது. டாக்டரம்மா புதுச் சீட்டு எழுதினார். கஞ்சி ஒரே தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். கிழிசல் மேசையே இனி எனக்கு நிரந்தர இடம். தலை நானே பின்னிக்கொண்டேன், பாதி வரைக்கும்.

மத்தியானம் நெட்டை என் பக்கத்தில் உட்கார்ந்து நாடா கோத்துக் கொடுத்தாள். திடீரென்று, "உங்க தங்கச்சிக்கும் இப்படி ஒரு சீட்டு வாங்கியிருக்கலாம்க்கா" என்றாள்.

"அவளுக்கு எதுக்கு?"

"முதுகுல பெல்ட் கட்டிக்கிட்டுத்தானே விரிப்பு மடிப்பா. உங்களுக்குத் தெரியாதா? சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினா. தெரிஞ்சா அக்கா ரெண்டு பேர் வேலையையும் தன் தலையில போட்டுக்கும்னா."

நாலு வருஷம். எனக்கு எதிர் முனையைப் பிடிச்சுக்கிட்டு, ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சுக்கிட்டே நின்னே. நான் வேகமா இழுப்பேன், நீயும் ஈடு கொடுத்து இழுப்பே. பொடிசு, எவ்வளவு வலிச்சுது உனக்கு?