கெட்ட இரத்தம்

மச்சான்,

இன்று காலை எங்கள் ஆய்வுகூடத்துக்கு இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கையில் சொரியாசிஸ் தடிப்பு. அதற்கு மேலே, கெட்ட இரத்தத்தை உறிஞ்சி எடுக்கவென்று ஹிஜாமாக் கிண்ணம் வைத்துக் கீறிய இடத்திலும் வட்டமாக ஒரு தடிப்பு. "என்ட ரத்தம் கெட்டுப் போச்சா தம்பி?" என்று கேட்டார். நீ கேட்ட அதே கேள்வி.

கல்முனையில் உனக்கு அபாயாக் கடை. உனக்கும் இதே சொரியாசிஸ்; கறுப்புத் துணியில் உன் கையிலிருந்து வெள்ளைச் செதில் உதிரும். யாராவது ஸலாம் சொல்லிக் கை நீட்டினால் உடனே ஒரு துணியைத் தூக்கி மடிக்கத் தொடங்கிவிடுவாய். மகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்ததும் உனக்கு அந்தக் கைதான் கவலை. பெண்ணின் பொறுப்பாளனாக, 'வலி'யாக இருந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவன் நீ. "மௌலவிக்கு வக்காலத்துக் குடுத்தா எனக்குப் பதிலா அவர் பிடிப்பார்தானே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

உன் இரத்தத்தில், அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பீ. அளவு கூடியிருந்தது. டொக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: "தோலில எவ்வளவு பரவியிரிக்கி, உள்ளுக்க எவ்வளவு எரியிது, ரெண்டையும் பார்த்துத்தான் மருந்து. அழற்சி ரத்தத்திலயும் இரிக்கி." உன் காதில் விழுந்தது இரத்தம் மட்டும். கெட்டதை எடுத்துப் போட்டால் சரி என்று, யாருக்கும் சொல்லாமல் முதுகில் கிண்ணம் வைத்துக்கொண்டாய். ஹிஜாமாவை நான் குறை சொல்லவில்லை. இந்த நோய்க்காரருக்குக் கீறிய இடத்திலேயே புதிதாகத் தடிப்பு வரும், அவ்வளவுதான்; உனக்கும் வட்டவட்டமாக வந்தது. "முதுகில அப்பம் சுட்டு வெச்சிரிக்காய்" என்று நான் சொல்ல, நீயும் சிரித்தாய். பிறகுதான் டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காக எடுத்தாய்.

சீ.ஆர்.பீ. அளவு இறங்கியது. "ரத்தம் நல்லாயிட்டுதா?" என்றாய். "அது கெட்டாத்தானே நல்லாக. எரிச்சல் அடங்கியிரிக்கி" என்றேன். ஆனால் தோல் மெல்ல மெல்லத்தான் தெளிந்தது. நிக்காஹ் அன்றும் உன் உள்ளங்கை வெடித்திருந்தது.

மௌலவி வக்காலத்துக் கேட்க உன் பக்கம் திரும்பினார். "நானே குடுக்கன்" என்று கையை நீட்டினாய். பிடித்த கையை மாப்பிள்ளை, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்த பிறகும் விடவில்லை.

உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. இந்த நோய்க்காரர் இருதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். இருந்தும் போய்விட்டாய். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் மையித்தைக் குளிப்பாட்டும்போது யாரோ உன் மருமகனிடம் கையுறையை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. "மாமாட கைய எனக்குத் தெரியும்" என்றான்.

இன்று வந்தவரிடம் சொன்னேன்: "ரத்தம் கெடல்ல காக்கா. உள்ளுக்க எரிச்சல் எவ்வளவு எண்டு பார்க்கத்தான் இது. இனிக் கிண்ணம் வெக்காதீங்க." இரத்தம் எடுத்து முடிந்ததும் ஸலாம் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் உன்னைப் போலவே சுற்றுமுற்றும் பார்த்தார். எடுத்து மடிக்க அங்கே துணி எதுவும் இல்லை. கையைத் தந்தார்.