இடம் மாறிய ஒடுக்கு

அன்பு மகள் கௌசல்யாவுக்கு, கரமனையிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம், மழைக்கு முட்டுவலி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மஸ்கட்டில் நீயும் மருமகனும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேணும். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதான் எழுதி நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பின கலர் பென்சில் வீணாகவில்லை. ஆச்சிக்கு எதுக்குக் கலர் பென்சில், கோலம் போடவா என்று பேரன் விஜின் கேட்டானே, அதை நான் மறக்கவில்லை என்று அவனிடம் சொல்லு. புத்தகம் எடுத்துப் படிக்கிற வாயனசாலையில் படம் சொல்லித்தரும் லிபி டீச்சர் இந்தத் தடவை வெள்ளைத்தாள் தரவில்லை, தவிட்டு நிறத் தாள் கொடுத்தாள். பாதி வேலையைத் தாளே செய்யும் அம்மே, நிழலுக்குக் கறுப்பை அழுத்துங்க, மினுக்கத்துக்கு வெள்ளையைத் தொடுங்க, மிச்சத்தை அப்படியே விட்டுருங்க என்றாள். வீட்டிலிருந்து ஏதாவது சாமான் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்து வரையச் சொன்னாள். நான் ரெண்டு நேந்திரம்பழத்தை வைத்து நடுவில் இடத்தை வெறுமனே விட்டேன். அங்கே என்ன என்று கேட்டாள். என் அம்மா எனக்குக் கொடுத்த பித்தளைச் செம்பு என்றேன். பார்க்காமல் எப்படி வரைவீங்க என்றாள். எனக்குத் தெரியுது, உனக்குத்தான் தெரியல என்றேன்.

எந்தச் செம்பு என்று உனக்குத் தெரியும். உன் அத்தை சரசம்மா அவள் மகள் திவ்யலட்சுமி கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போய், கூட்டத்துல யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க மைனி என்று சாமி மேல் சத்தியம் பண்ணினாளே, அதேதான். உன் அப்பாவும் தங்கச்சி பேச்சை நம்பி என்னைத்தான் ஏசினார். நீ சின்னப்பிள்ளையில் கல்லாற்றுப் பாறையில் போட்டதில் அதன் வயிற்றில் ஒரு ஒடுக்கு விழுந்தது. படத்தில் அந்த ஒடுக்கைக் கழுத்தில் வரைந்தேன். வேணும்னுதான் வரைந்தேன்.

படங்களைச் சுவரில் மாட்டின அன்று சரசம்மாவையும் வரச் சொன்னேன். வந்தாள், பழத்தைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், கிட்டப்போய் விரலை வைத்தே பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும், என்ன மைனி இப்படி மறந்துட்டீங்க, ஒடுக்கு கழுத்துலயா இருக்கு, வயித்துலல்லா, நேத்துகூட புளி போட்டுத் தேச்சேனே என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். மற்றவர்கள் படத்தை லிபி டீச்சர் கொள்ளாம் கொள்ளாம் என்று மெச்சினாள், எனக்கு அதெல்லாம் எதுக்கு, என் படத்தை நிஜச் செம்பு என்று நினைத்து ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாளே.

மறுநாள் திவ்யலட்சுமி துணிப்பையில் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். காப்பி கொடுத்தேன், அவள் என்ன செய்வாள் பாவம். சரசம்மா வந்தாலும் காப்பி உண்டு, பேச்சு கிடையாது. செம்பை உன் அப்பா போட்டோவுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன், நல்லாப் பார்த்துக்கொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு ஏசியில் படுக்காதே. மூணு பேரும் தீர்க்காயுசாய் இருங்கள். இப்போது செம்பை எதிரே வைத்து இன்னொரு படம் வரைகிறேன், ஒடுக்கு அதன் இடத்திலேயே இருக்கிறது. மினுக்கம் போட்டுப் போட்டு வெள்ளைப் பென்சில் கட்டையாகிவிட்டது, வரும்போது வெள்ளை மட்டும் தனியாக வாங்கி வா.

உன்னைப் பெற்றவள்,
பார்வதியம்மாள்